ஆகஸ்ட் பன்னிரண்டுக்குள் இரண்டு சக்கரங்கள்

ஜூன் 2, திங்கள்

இந்த டைரி உக்கடம் ஸ்பேர்ஸ் கடைக்காரர் புது வருடத்துக்குக் கொடுத்தது. ஐந்து மாதம் அலமாரியில் தூசி தின்றது போதும் என்று இன்று எடுத்தேன். வேலைக் குறிப்பு மட்டும் எழுதுவதாக முடிவு. சொந்தக் கதை எழுத எனக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை.

வண்டி: 1961 மாடல் புல்லட். சொந்தக்காரர்: சென்னியப்பன், அதாவது நான். கல்யாணத்துக்கு முந்தின வருடம் வாங்கியது. எனக்கு முன்னால் வைத்திருந்தவன் யார் பேச்சைக் கேட்டானோ, இதற்கு அலாய் சக்கரம் மாட்டி வைத்திருக்கிறான். பட்டு வேட்டிக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட மாதிரி இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். ஊரார் வண்டிக்கெல்லாம் கம்பிச் சக்கரம் கோத்துக் கொடுக்கிற எனக்கு என் வண்டியைத் தொட நாள் கிடைக்கவில்லை.

வேலை: அலாயைக் கழற்றிவிட்டுக் கம்பிச் சக்கரம் கோப்பது. கூடவே தோற்றத்தையும் மாற்றி, பின்பக்கத்தைக் குட்டையாக வெட்டின 'பாபர்' பாணிக்குக் கொண்டுவருவது.

கெடு: ஆகஸ்ட் 12.

அன்றைக்குத்தான் கோர்ட்டில் தேதி. பிப்ரவரியில் நானும் கோகிலவாணியும் சேர்ந்து மனுப் போட்டோம். இரண்டு பேர் சம்மதத்தோடு பிரிவதென்றால் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது சட்டம். அதற்குப் பிறகு ஜட்ஜ் இருவரையும் கூப்பிட்டுக் கேட்பார். எங்கள் இருவருக்கும் ஒரே வக்கீல், சுகந்தி மேடம். அவர் சொன்னார்: "அன்னிக்கு ரெண்டு பேர்ல ஒருத்தர் சம்மதம் இல்லைன்னு சொல்லிட்டாலும் கேஸ் நிக்காதுங்க."

மேடம் அதைத் தகவலுக்குச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நான் இல்லை என்று சொல்லப் போகிறேன். இது யாருக்கும் தெரியாது. அதற்குள் வண்டியை முடித்து, அதிலேயே கோர்ட்டுக்குப் போய், அங்கிருந்து நேராக அவளை வால்பாறைக்குக் கூட்டிப் போவேன். பொண்ணு பார்க்கப் போன அன்றே கொடுத்த வாக்கு அது.

இது வேலைக் குறிப்பில் சேர்த்திதான். கெடு ஏன் என்று எழுதினால்தான் வேலை ஓடும்.

ஜூன் 5, வியாழன்

உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் அசல் சக்கரம் இரண்டு கிடைத்தன. ரிம் துரு, கம்பிகள் எல்லாம் துரு. ஆனால் நடுவில் இருக்கிற ஹப் இரண்டும் தங்கம். கடைக்காரனுக்கு அதன் அருமை தெரியவில்லை. நானும் முகத்தில் காட்டவில்லை.

கொண்டுவந்த கையோடு கட்டரைப் போட்டு எண்பது கம்பியையும் அறுத்துத் தள்ளிவிட்டேன். ஹப்பைக் கழுவினால் அலுமினியம் பளபளவென்று வருகிறது. கை பரபரவென்று இருந்தது. ரொம்ப நாளாயிற்று இப்படி இருந்து.

ஜூன் 9, திங்கள்

சேஸியின் பின்பக்கத்தை அறுத்தாயிற்று. நீளமான பழைய சீட்டுக்குப் பதில் ஸ்பிரிங் வைத்த ஒற்றைத் தோல் சீட். பின் மட்கார்டு சக்கரத்தை ஒட்டி, குட்டையாக. வெல்டிங் வைத்தது பக்கத்துப் பட்டறை யூசுப் பாய். நானும் பாயும் எட்ட நின்று ரொம்ப நேரம் பார்த்தோம். அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

ஜூன் 11, புதன்

கோகிலா போன் செய்தாள். திருப்பூரில் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள், பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை. கல்யாணப் பத்திரிகை நகல் ஒன்று வக்கீலுக்கு வேண்டுமாம்.

"சாப்டாச்சுங்களா?" என்றாள்.

"ஆச்சு."

"என்னத்த சாப்டீங்க?"

"சாப்டாச்சு அம்மிணி."

பிறகு, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க. அந்தப் பதினோரு நாளைப் பத்தி" என்று ஆரம்பித்தாள்.

கஸ்டமர் வந்துவிட்டார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இன்று வேலை மந்தம். காலையிலிருந்து ஓர் ஆள்கூடக் கடைப்பக்கம் வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

கடை மதியம் வரை லீவு. வெளியே போய் வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

கம்பிகள் வந்துவிட்டன. துருப்பிடிக்காத எஃகு. ரிம்மும் புதிது. முன்சக்கரம் கோத்தேன்.

ஒரு சக்கரத்துக்கு நாற்பது கம்பி. தலை வளைவில் இரண்டு ஜாதி உண்டு. உள்கம்பி, வெளிக்கம்பி. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், மாற்றிப் போட்டால் கடைசிக் கம்பி ரிம்மை எட்டாது. முதலில் உள்கம்பியை எல்லாம் கோத்து, ஹப்பைத் திருப்பி, பிறகுதான் வெளிக்கம்பி. ஒவ்வொன்றும் மற்றக் கம்பிகளின் மேலும் கீழுமாகப் போய் ரிம்மைப் பிடிக்க வேண்டும். கோத்து முடித்ததும் சக்கரம் கொழகொழவென்று ஆடும். கம்பி முனையில் இருக்கிற நிப்பிளைக் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்க முறுக்கத்தான் அதற்கு உயிர் வரும். ஒன்றை மட்டும் இழுத்துக் கட்டினால் எதிர்ப்பக்கம் கோணிக்கொள்ளும்.

முன்னெல்லாம் உள்கம்பி, வெளிக்கம்பி பிரித்துக் கொடுப்பது கோகிலா வேலை. கல்யாணமான புதிதில் கடையில் ஆள் வைக்க வழி இல்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதைவிட வேகமாகப் பிரிப்பாள்.

இன்று நானே பிரித்தேன். இரண்டு தடவை தப்பிற்று.

ஜூலை 2, புதன்

பின்சக்கரம் கோத்து, கோட்டம் எடுத்து, வண்டியில் மாட்டினேன். டயர் போய்ச் சங்கிலியில் உரசுகிறது. சக்கரம் நேராகத்தான் சுற்றுகிறது, ஆனால் நிற்கிற இடம் தப்பு. யூசுப் பாயைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார்.

"இந்த வண்டிக்குப் பின்னாடி ரிம் நட்ட நடுவுல நிக்கக் கூடாதே. ஒரு பக்கம் தள்ளி நிக்கோணும்."

"தெரியுங்க பாய்."

"எத்தன மில்லி தள்ளி?"

நான் டயரைக் கையால் சுற்றிவிட்டேன்.

"பழைய சக்கரத்துல அளந்துட்டுத்தானே கம்பிய அறுத்தே?"

பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே கேட்காமல் டீ வாங்கிவரப் போனார். இருபது வருடத் தொழில். அறுப்பதற்கு முன் அளக்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். அறுத்த பிறகு எதை வைத்து அளப்பது? கம்பி அறுந்தால் சக்கரத்தின் கதை அதோடு போயிற்று. என்மேல் எனக்கு அப்படி ஓர் எரிச்சல்.

நாற்பதையும் மறுபடி கழற்ற வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூலை 6, ஞாயிறு

கோகிலா வந்தாள்.

படிப்புச் சர்ட்டிபிகேட்டுகள் பீரோவில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ள வந்தேன் என்றாள். எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். பட்டறைக்குள் எட்டிப் பார்த்தாள். தரையில் பின்சக்கரம் பிரிந்து கிடந்தது.

"ஏனுங்க, கோத்ததையே கழட்டிப் போட்டிருக்கறீங்க?"

"அளக்காம அறுத்துட்டேன்."

"நீங்களா?" சிரித்தாள். "ரசத்துக்கு உப்பையே அளந்து போடற ஆளு."

பையை ஆணியில் மாட்டிவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை. அவளாக உட்கார்ந்தாள். கம்பிக் குவியலில் கையை விட்டு உள்கம்பி இந்தப் பக்கம், வெளிக்கம்பி அந்தப் பக்கம் என்று பிரிக்க ஆரம்பித்தாள். நான் கையை நீட்டினால் எனக்கு வேண்டிய கம்பி கையில் இருந்தது. பாய்க்குத் தெரிந்த ஒருவரிடம் இதே மாடல் இருக்கிறது, அதில் அளந்து வந்த கணக்கை வைத்து ரிம்மைத் தள்ளி நிறுத்தினேன்.

முறுக்கி முடித்ததும் சக்கரத்தை அவள் சுற்றவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைக் கம்பிகளில் உரசவிட்டாள். டிங் டிங் டிங் என்று போய்க்கொண்டே இருந்தது, ஓரிடத்தில் மட்டும் டொக்.

"இதுங்க" என்று விரலை வைத்தாள்.

அந்தக் கம்பி தளர்ந்துதான் இருந்தது. என் காதில் விழவில்லை, அவள் காதில் விழுந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கையைக் கழுவிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். டேங்கைத் தொட்டாள். தோல் சீட்டைத் தொட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க. ஒருத்தர் போற வண்டிங்களா?"

"பாபர்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"ம்" என்றாள். அப்புறம், "ஒண்ணு கேக்கோணும்னுதாங்க இன்னிக்கு வந்ததே. சர்ட்டிபிகேட்டு தபால்ல கூட வந்திருக்கும்" என்றாள்.

"அஞ்சு மணி பஸ் போயிரும்" என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 8, செவ்வாய்

இரண்டு நாளாகத் தலைக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

அவளை வால்பாறைக்குக் கூட்டிப் போவதற்காகச் செய்கிற வண்டி. அதில் அவள் உட்கார இடம் இல்லை. அறுத்தவன் நான், அளவு கொடுத்தவன் நான், எட்ட நின்று அழகு பார்த்தவனும் நான். ஒரு மாதத்தில் ஒரு தடவைகூட அது என் கண்ணில் படவில்லை. வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் முதல் கேள்வியே, பின்னால் ஆள் உட்காருமா என்றுதான் கேட்பேன்.

பாயிடம் போய், பின்னால் இன்னொரு சீட் வைக்க வேண்டும், கால் வைக்கக் கட்டையும் வேண்டும் என்றேன்.

"ஏன், நல்லாத்தானே இருந்துச்சு? லைனே கெட்டுப் போயிருமே."

"போனாப் போகட்டுங்க பாய்."

"அறுக்கறப்பவே கேக்கலாம்னு நெனச்சேன், ஊட்டுக்காரம்மா எங்க உக்காரும்னு. அப்புறம் எதுக்குன்னு உட்டுட்டேன்."

அவருக்கே தோன்றியிருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

பின்சீட் வைத்தாயிற்று. ஒட்டுப்போட்டது தெரிகிறது. பெயின்ட் அடித்தாலும் தெரியும்.

ஜூலை 19, சனி

லீவு போட்டு வெளியே போனேன். பத்து மணிக்குத் திரும்பியபோது பட்டறை வாசல்படியில் கோகிலா உட்கார்ந்திருந்தாள்.

"எங்கீங்க போய்ட்டு வர்றீங்க?"

"சூலூர்ல ஒரு வண்டி டெலிவரி."

என் காலைப் பார்த்தாள். செருப்பில் ஆற்று மணல். கையில் இருந்த தூக்குப்போசியைப் பார்த்தாள். வாங்கி மூடியைத் திறந்து மோந்தாள். பால் வாசம் போகுமா? நான் கழுவிக்கொண்டுதான் வந்தேன்.

"இன்னிக்குத் தேதி பத்தொம்பது" என்றாள்.

நான் சாவியைத் தேடினேன். சாவி கையிலேயே இருந்தது.

"அவன எங்க வெச்சிருக்கறீங்க?"

சத்தமாகக் கேட்கவில்லை. கடைக்கு வந்தவர் சாமான் எங்கே என்று கேட்பது போலத்தான் கேட்டாள். இரண்டு வருடமாக அவள் வாயிலிருந்து இந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொண்டது நான்தான். போனை வைத்தேன். பஸ் போய்விடும் என்றேன். அவள் ஆரம்பித்தால் பட்டறைக்குள் போய் எதையாவது கழற்ற ஆரம்பித்தேன். இந்த டைரியில்கூட எழுதாமல் ஓட்டிவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். ஏழாம் மாதத்தில் பிறந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோரு நாள் இருந்தான். பதினோராம் நாள், பத்தொன்பதாம் தேதி காலையில் போய்விட்டான். கோகிலா தையல் பிரிக்காமல் வேறு வார்டில் கிடந்தாள், பெட்டிப் பக்கம் அவளை விடவில்லை. பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், புதைப்பதுதான் வழக்கம். பெற்றவள் வரக் கூடாது, பார்க்கவும் கூடாது, எந்த இடம் என்று அவளிடம் சொல்லவும் கூடாது, சொன்னால் மனசு அங்கேயே போய் நின்றுகொள்ளும் என்றார்கள் பெரியவர்கள். நானும் சரி என்றேன். துண்டில் சுற்றி நான்தான் எடுத்துப் போனேன். வந்து குளித்துவிட்டுப் பட்டறைக்குப் போய் ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டேன்.

"ஆத்தோரம். சூலூர் தாண்டி" என்றேன்.

"மாசாமாசம் போவீங்களா?"

"ம்."

"ரெண்டு வருசமா?"

"ம்."

அவள் படியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"ஒவ்வொரு பத்தொம்பதுக்கும் நீங்க வெளிய கெளம்பிப் போவீங்க. நான் வாசல்ல நின்னுட்டே இருப்பேன். எனக்கு மட்டுந்தான் இந்தத் தேதி ஞாபகம் இருக்குது, இந்த மனுசன் வண்டியத் தள்ளிட்டு டெலிவரிக்குப் போறார்னு நெனச்சுக்குவேன். உங்கள எவ்வளவு வைதிருக்கறேன் மனசுக்குள்ள, தெரியுங்களா?"

"நீ தாங்க மாட்டேன்னுதான் அம்மிணி."

"நீங்க போய்ப் பால் ஊத்திட்டு வருவீங்க. நான் மட்டும் தாங்க மாட்டேனா?"

நான் சாவியைப் பூட்டில் போட்டேன், திருப்பவில்லை.

"என்னையக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் நான் எதும் கேக்கலீங்க" என்றாள்.

ஆடிப் பதினெட்டுக்கு என்று சொன்னேன். அதற்குள் வண்டி முடிந்துவிடும்.

ஜூலை 20, ஞாயிறு

ஒரு வேலையும் செய்யவில்லை.

ஜூலை 28, திங்கள்

இரண்டு சக்கரமும் மாட்டியாயிற்று. ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைகளை ஒன்றுவிடாமல் அரத்தால் ராவினேன். ஒரு முனை விட்டுப்போனாலும் ட்யூபைக் குத்திவிடும். வெறும் விரலால் உள்ளே தடவித் தடவிப் பார்த்தேன். ரப்பர் நாடாவை ஒன்றுக்கு இரண்டாகச் சுற்றினேன். பின்னால் ஆள் உட்காரப் போகிறது.

முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆயிற்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

காலை ஏழு மணிக்குச் சிங்காநல்லூர் பஸ் நிறுத்தத்தில் கோகிலா இறங்கினாள். வண்டியைப் பார்த்தாள், பின்சீட்டைப் பார்த்தாள். பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழியில் ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டபோது என் தோளைப் பிடித்தாள். தடை தாண்டியதும் கையை எடுத்துக்கொண்டாள்.

ஆற்றின் படித்துறைப் பக்கம் நல்ல கூட்டம். புதுத் தம்பதிகள், கலந்த சாதத் தூக்குகள், ஒரே சிரிப்பு. நாங்கள் அதைத் தாண்டி மண்பாதையில் போனோம். இடம் காட்டினேன். காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நான் கல்லோ செடியோ எதுவும் வைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து நாற்பத்திரண்டு எட்டு, வேலாமரத்திலிருந்து பதினேழு எட்டு. அந்தக் கணக்கு இரண்டு வருடமாக என் தலைக்குள் இருக்கிறது.

அவளும் எட்டு வைத்து எண்ணிப் பார்த்தாள். அவள் கால் சின்னது, ஐம்பது வந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்து மண்ணில் கையை வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம்.

"நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க. கனமா இருந்தானா?"

நான் யோசித்தேன். எனக்குத் தெரிந்த கனத்தைத்தான் சொல்ல முடியும்.

"ஒரு ஹப் அளவுகூட இல்ல அம்மிணி."

சொன்ன பிறகுதான் எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதாள். நானும் அழுதேன். பதினோரு நாளிலும் அழவில்லை, அதற்குப் பிறகும் இல்லை, இன்று அழுதேன். அவனுக்குக் காது இரண்டும் அவள் காது மாதிரியே இருந்ததைச் சொன்னேன். பெட்டியின் ஓட்டை வழியாக விரலை விட்டால் பிடித்துக்கொள்வான் என்று சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.

அவள் அவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தாளாம். சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

புதுச் சக்கரம் முதல் ஓட்டத்துக்குப் பிறகு கொஞ்சம் தளரும். கம்பிகள் தத்தம் இடத்தில் உட்காருகிற வழக்கம் அது. இன்னொரு தடவை முறுக்க வேண்டும். முறுக்கினேன். வேலை செய்யும்போது பாட்டு முணுமுணுத்தேன் என்று யூசுப் பாய் சொல்லித்தான் தெரிந்தது.

கோர்ட்டில் இல்லை என்று சொல்வதில் இனிமேல் எனக்குத் தயக்கமே கிடையாது. நாங்கள் பேசிவிட்டோம். பேசாததுதானே சிக்கல்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோகிலா போன் செய்தாள். நான் உடனே எடுத்தேன். கஸ்டமர் நிஜமாகவே நின்றுகொண்டிருந்தார், இருக்கச் சொன்னேன்.

"நல்லாத் தூங்கறனுங்க இப்பெல்லாம்" என்றாள். "அண்ணி வந்து எழுப்பறாங்க, ஆபீசுக்கு நேரமாச்சுன்னு."

"நல்லது."

"ஒரு ரூம் பாத்திருக்கறேன். ஆபீஸ் பக்கத்துலயே. மாடி. ரோட்டுச் சத்தமெல்லாம் உள்ள வருது. பக்கத்து வூட்டு டிவி, குழந்தைங்க கத்தறது, எல்லாமே கேக்குது. எனக்கு அது புடிச்சிருக்குதுங்க."

"சத்தம் புடிச்சிருக்குதா?"

"நம்ம வூட்ல ஸ்பேனர் சத்தம் மட்டுந்தானுங்க கேக்கும். நீங்க உள்ள இருக்கறீங்கன்னு அத வெச்சுத்தான் தெரியும். அது நின்னுட்டா ஒண்ணுமே இருக்காது. இப்ப நெனச்சாலும் மூச்சு முட்டுது." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்கமேல கோவமில்லீங்க. அன்னிக்கு ஆத்தோரத்துல எல்லாம் போயிருச்சு. வெறுப்பு இருந்தாத்தான் பிரியோணும்னு இல்லயேங்க."

"இல்ல" என்றேன்.

கஸ்டமர் எப்போது போனார் என்று கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வண்டியைத் துடைத்தேன். சட்டையை அயர்ன் பண்ணி வைத்தேன். வால்பாறையில் மழையாம். பெட்ரோல் நிரப்பியாயிற்று.

என் முடிவில் மாற்றம் இல்லை. அவள் முதலில் கஷ்டப்படுவாள், பிறகு பழகிவிடும். நான் பட்டறையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறேன். வீட்டில் டிவி வாங்கி வைக்கிறேன். ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள். சுகந்தி மேடம் முன்னால் நின்றார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றோம். கோகிலா ஊதாப் புடவை. முகம் தெளிந்திருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. என் வீட்டில் கடைசி ஒன்றரை வருடம் அவள் எப்படி இருந்தாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஜட்ஜ் அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைத்தான் முதலில் கேட்டார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதிக்கிறீர்களா என்று.

கோகிலா இரண்டு கையையும் கோத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் மூட்டெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் இப்படித்தான் பிடித்துக்கொள்வாள்.

ஆறு மாதம் மனப்பாடம் பண்ணின சொல் வாய்வரைக்கும் வந்தது.

"சம்மதங்க" என்றேன்.

பக்கத்தில் அவள் மூச்சுவிட்டது கேட்டது. பிறகு அவளைக் கேட்டார்கள், அவளும் சொன்னாள். கையெழுத்துப் போட்டோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே பஸ் நிறுத்தம்வரை கூட நடந்தேன். வண்டி எடுக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை, வண்டி எங்கே என்று அவளும் கேட்கவில்லை. திருப்பூர் பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

"நீங்க இல்லைன்னு சொல்லிருவீங்கன்னு பயந்துட்டே இருந்தனுங்க" என்றாள்.

"சொல்லியிருந்தா?"

"வந்திருப்பேன்."

நான் நின்றுவிட்டேன்.

"அத்தன பேர் முன்னாடி நீங்க என்னைய வேணும்னு சொன்னா, மாட்டேன்னு சொல்ல என்னால ஆகாதுங்க. கூடவே வந்திருப்பேன். வந்து, முன்ன மாதிரியே இருந்திருப்பேன். அதாங்க பயமே."

பஸ் வந்தது. ஏறினாள். ஜன்னலோர இடம் கிடைத்தது. "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். பஸ் போயிற்று.

மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். வந்திருப்பேன் என்றாள். இதே வீட்டுக்கு, இன்றைக்கே வந்திருப்பாள். நான் ஒரு சொல் சொன்னால் போதுமாக இருந்தது. அதைச் சொல்லாமல் வந்திருக்கிறேன்.